ஊர் கூடி இழுக்கும் தேரும் ஆறு பேர் புராஜெக்டும்



'ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். குழு புராஜெக்ட் என்று ஒன்று வந்துவிட்டால் போதும், துறைத் தலைவர் முதல் பேரவைச் செயலாளர் வரை எல்லோரும் இந்தப் பழமொழியைத்தான் எடுத்து வீசுகிறார்கள். நல்ல பழமொழிதான், மறுக்கவில்லை. ஆனால் தேரோட்டத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். மாசி மாதம் நம் கோவை ராஜ வீதியில் கோனியம்மன் தேர் வரும்போது வடம் பிடிப்பவர்கள் எத்தனையோ பேர். அதில் யார் இழுக்கிறார், யார் சும்மா கையை வைத்துக்கொண்டு கூடவே நடக்கிறார் என்பது அந்த அம்மனுக்குத்தான் வெளிச்சம்! ஆனால் சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிறாரே, அவர் கதை வேறு. அவர் கொஞ்சம் அசந்தால் தேர் கடைத் திண்ணையில் ஏறிவிடும். அவர் யார் என்று வீதிக்கே தெரியும். பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடுவது' என்றால் காரியத்தைக் கெடுப்பது. தேரிலோ அதுதான் காரியத்தைக் காப்பது.

நம்முடைய குழு புராஜெக்டுகளில் வடத்தில் கை வைத்தவர்கள் ஏராளம். இன்ன வேலைக்கு இன்னார் என்று பெயர் குறித்த ஆள்தான் கிடையாது. அட்டையில் ஆறு பெயர் இருக்கும். உள்ளே எந்தப் பக்கம் யாருடையது என்று கேட்டால் பதில் இருக்காது. வேலைக்கு நேரே பெயர் வர வேண்டும், மதிப்பெண்ணும் அந்தப் பெயரைப் பார்த்து வர வேண்டும். என் கட்சி இதுதான். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இதைச் சொல்ல நீ யாரப்பா?

நியாயமான கேள்வி. எனக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து, பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு பட்டறையில் சேர்ந்து, இப்போது அங்கேயே ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். பகுதிநேரப் பட்டயப் படிப்பில் இயந்திரவியல் படிக்கிறேன். என் மூத்த பெண் பத்தாம் வகுப்பு. ராத்திரியில் அவளும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கிறோம். எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு வயதுத் தம்பியும் உண்டு, நாற்பத்தைந்து வயது அண்ணனும் உண்டு. தொழில் மேலாண்மைப் பாடத்தில் ஒன்று, இறுதியாண்டில் ஒன்று என்று இரண்டு குழு புராஜெக்டுகளைப் பார்த்தாகிவிட்டது. இரண்டுமே தொழிற்சாலையின் கணக்கு வழக்கைப் பற்றியவைதான்: ஒன்று அடக்க விலை, மற்றொன்று ஸ்டோர்ஸ் கையிருப்பு.

பகல் நேர மாணவர்களுக்கு எங்கள் நேரக் கணக்கு தெரிய நியாயமில்லை. காலை எட்டரைக்குப் பட்டறை. மாலை ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஆறரைக்கு வகுப்பு. வகுப்பு முடிந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பத்தரை. புராஜெக்டுக்கு என்று மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையையும் பட்டறை ஓவர்டைமுக்குக் கேட்கும். ஓவர்டைமை விட்டுவிட்டு புராஜெக்ட் வேலைக்கு என்று கிளம்பி வந்து, மரத்தடியில் உட்கார்ந்து, 'தம்பி வருவான், தம்பி வருவான்' என்று வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் ஆனால் என்ன ஆகும்? அந்த மாதம் பெண்ணின் டியூஷன் பீஸில் துண்டு விழும். வராத தம்பிக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காத்திருந்தவனுக்கு அது கூலி.

'அண்ணா, நீங்களே பார்த்துக்கோங்க!'

வயதானவன் ஒருவன் குழுவில் இருந்தால் முதல் நாளே ஒரு தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. 'ஏனுங்கண்ணா, நீங்க கம்பெனியில இருக்கறவரு. உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் லீடர்!' கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். பிறகுதான் அதன் பொழிப்புரை தெரியும். லீடர் என்றால் தலைப்பு தேடுகிறவர், கம்பெனியில் அனுமதி வாங்குகிறவர், டி.டி.பி. சென்டரில் உட்காருகிறவர், பைண்டிங்குக்கு முன்பணம் கொடுக்கிறவர். மற்றவர்கள்? மற்றவர்கள் குழு!

என் முதல் குழுவில் ஆறு பேர். அடக்க விலைக் கணக்கை நானும் இன்னொரு தோழரும் போட்டோம். மற்ற நால்வரில் இரண்டு பேர் பணம் கொடுத்தார்கள், ஒருவர் ஸாரி சொன்னார், இன்னொருவர் வைவா அன்று வந்தார். ஆறு பேருக்கும் ஒரே மதிப்பெண். அந்த நால்வர் மேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதில் ஒருவன் பட்டறையில் என் பக்கத்து மெஷினில் வேலை செய்கிறவன், அங்கே ஒரு நிமிஷம் சும்மா நிற்காதவன். அதே ஆள் இங்கே ஏன் இப்படி?

கயிறு இழுத்த கதை

இந்தக் கேள்வியை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். அவர் மாக்ஸிமிலியன் ரிங்கல்மான், பிரான்ஸ் தேசத்து வேளாண் பொறியாளர். ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி, எவ்வளவு விசை வருகிறது என்று அளவெடுத்தார். 1880களில் செய்த சோதனையை 1913-இல் வெளியிட்டார். ஒருவர் தனியாக இழுப்பதை 100 என்று வைத்துக்கொண்டால், இருவர் சேர்ந்தபோது ஆளுக்கு 93, மூவர் சேர்ந்தபோது 85, எட்டுப் பேர் சேர்ந்தபோது 49. பெருக்கிப் பாருங்கள்: எட்டுப் பேர் பிடித்த கயிற்றில் நாலு பேர் பலம்தான் வந்திருக்கிறது!

'எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காததால் விசை வீணாகியிருக்கும்' என்று மெக்கானிக்ஸ் படித்த நீங்கள் சொல்வீர்கள். அதுவும் உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை. 1974-இல் அமெரிக்காவில் சிலர் இதையே வேறு மாதிரி செய்தார்கள். கண்ணைக் கட்டி, 'உனக்குப் பின்னால் மற்றவர்களும் இழுக்கிறார்கள்' என்று நம்ப வைத்தார்கள். பின்னால் ஒருவரும் இழுக்கவில்லை. அப்போதும் அந்த ஆள் தனியாக இழுப்பதைவிடக் குறைவாகத்தான் இழுத்தார். 1979-இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களைக் கை தட்டவும் கத்தவும் சொல்லிச் சத்தத்தை அளந்தார்கள். ஆறு பேர் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் ஆளுக்குக் கிடைத்தது, தனியாக எழுப்பியதில் ஏறத்தாழ 40 சதவீதம்தான். கும்பலில் கை தளர்வதற்கு 'சோஷியல் லோஃபிங்' என்று பெயர் வைத்தார்கள். நம்ம ஊரில் 'ஓபி அடிக்கறது' என்கிறோமே, அதேதான்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. 1981-இல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்று கண்டார்கள். 'உன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது' என்று நம்பியபோது கும்பலில் இருந்தாலும் ஆட்கள் ஓபி அடிக்கவில்லை! ஆளும் அதே ஆள், கும்பலும் அதே கும்பல். மாறியது ஒன்றே ஒன்றுதான். தன் வேலை தன் பெயரில் தெரிகிறது என்ற நினைப்பு வந்தது. என் பக்கத்து மெஷின்காரர் பட்டறையில் ஒரு மாதிரியும் புராஜெக்டில் வேறு மாதிரியும் இருந்ததற்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது. அவர் குணம் மாறவில்லை, அவர் பெயர் காணாமல் போய்விட்டது.

ஜாப் கார்டு சொல்லும் பாடம்

பட்டறையில் ஒரு ஷாஃப்ட் லேத்துக்குப் போகிறது என்றால் கூடவே ஒரு ஜாப் கார்டு போகும். எந்த மெஷின், எந்த ஆபரேட்டர், டோக்கன் நம்பர் என்ன, எத்தனை மணிக்கு ஆரம்பித்தார், எத்தனை பீஸ் தேறியது, எத்தனை ரிஜெக்ட் எல்லாம் அதில் இருக்கும். பிறகு அசெம்பிளியில் பேரிங் உட்காரவில்லை என்றால் யாரையும் பொதுவாகத் திட்ட வேண்டிய அவசியமே இல்லை. கார்டைப் பார்த்தால் போதும். அதே மாதிரி, வேலை சுத்தமாக வந்திருந்தாலும் யாருடைய கை என்று தெரியும். குற்றம் பிடிக்க மட்டும் வந்ததில்லை ஜாப் கார்டு, திறமையைக் காட்டவும்தான்.

இந்த ஜாப் கார்டை இறுதியாண்டுப் புராஜெக்டுக்குக் கொண்டுவந்தோம். வெட் கிரைண்டர் செய்கிற ஒரு சிறு யூனிட்டில் கையிருப்பை ஏ.பி.சி. முறையில் பிரிப்பது எங்கள் வேலை. ஒரு தாளில் கட்டம் போட்டோம். வேலை என்ன, யார் பெயர், எந்தத் தேதிக்குள், முடித்த தேதி, கையெழுத்து. கடைசியில் இன்னொரு கட்டம்: 'யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்?' தன் பாகத்தை முடித்தவர் குழுவில் இன்னொருவருக்கு அதை விளக்கி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

எங்கள் குழுவில் ஒரு தம்பி வாயே திறக்க மாட்டான். அவன் பெயருக்கு நேரே சாமான் எண்ணும் வேலை வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரேக்குக்கு ரேக் போய், பின் கார்டில் எழுதியதையும் உள்ளே இருப்பதையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வந்தான். மோட்டார், கல், எவர்சில்வர் டிரம் இந்தச் சில அயிட்டங்களிலேயே பெரும்பாலான பணம் முடங்கிக் கிடக்கிறது, ஸ்க்ரூ, வாஷர், புஷ் எல்லாம் ரகத்தில் அதிகம், மதிப்பில் சொற்பம் என்று அவனே அட்டவணை போட்டான். வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்டார்: 'ஏன் வாஷரைத் தினமும் எண்ணக் கூடாது?' நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தத் தம்பி சொன்னான்: 'தினமும் வாஷர் எண்ணற ஆளோட கூலி, தொலையற வாஷரோட விலையைவிட ஜாஸ்திங்க சார்.' தேர்வாளர் சிரித்துவிட்டார். ஸ்டோர்ஸில் இத்தனை வருஷம் இருக்கிற நான்கூட அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த வேலையை 'அண்ணா பார்த்துக்குவார்' என்று என் தலையில் கட்டியிருந்தால் அவனுக்கு அந்தப் பதில் கிடைத்திருக்குமா?

அனுபவசாலியே எல்லாவற்றையும் செய்துவிடுவது உதவி மாதிரி தெரிகிறது, உண்மையில் அது பறிப்பு. எனக்குத் தெரிந்ததை நான் மறுபடி செய்தால் எனக்கும் லாபமில்லை, தெரியாதவனுக்கும் லாபமில்லை. கம்ப்யூட்டரில் எக்ஸெல் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவன் இருபத்திரண்டு வயதுக்காரன். வயது மூப்பை வைத்து லீடர் போடாதீர்கள், வேலையை வைத்துப் பெயர் போடுங்கள்.

அழகான கையெழுத்துக்குத் தண்டனை

இதில் நம் சகோதரிகளுக்கு நடக்கும் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான குழுக்களில் பார்க்கிறேன். ஒரு பெண் இருந்தால் போதும், 'உன் கையெழுத்து அழகா இருக்கு, ரெக்கார்டு நீ எழுதிடும்மா' என்று முடித்துவிடுகிறார்கள். கம்பெனிக்குப் போவது, அளவெடுப்பது, மெஷினைத் தொடுவது எல்லாம் பையன்கள். எழுதுவது, படம் வரைவது, அட்டவணைக்குக் கோடு போடுவது அந்தச் சகோதரி. வைவாவில் மெஷினைப் பற்றிக் கேள்வி வந்தால் அவர் முழிக்கிறார், 'பொண்ணுங்களுக்கு பிராக்டிகல் வராது' என்று வெளியே வந்து பேசுகிறார்கள். தொட விடாமல் வைத்துவிட்டு, தொடத் தெரியவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? பெயர் எழுதிய ஒரு தாள் இருந்தால் இந்தப் பாரபட்சம் முதல் நாளே கண்ணில் பட்டுவிடும். நான்கு பெயருக்கு நேரே 'அளவெடுத்தல்', ஒரு பெயருக்கு நேரே மட்டும் 'எழுதுதல்' என்று இருந்தால் எழுதுகிறவனுக்கே கை கூசும்.

ஆறு பேருக்குப் பதினைந்து இழை

குழுவின் அளவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. மூன்று பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய இணைகள் மூன்று. நாலு பேருக்கு ஆறு. ஆறு பேருக்குப் பதினைந்து! 'நான் அவன்கிட்ட சொன்னேனே', 'எனக்கு யாரும் சொல்லலையே' என்ற சண்டை எல்லாம் இந்தப் பதினைந்தில்தான் பிறக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தில் மிகப் பெரிய மென்பொருள் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் ஒரு புத்தகம் எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் அது இன்னும் தாமதமாகும் என்பது அதில் அவர் சொன்ன பிரபலமான கருத்து. ஆகவே குழு நாலு பேரைத் தாண்டக் கூடாது என்பேன். கைடுகள் போதாது, அதனால்தான் ஆறு ஆறாகப் பிரிக்கிறோம் என்று துறையில் சொன்னால் அதுவும் நிஜமான கஷ்டம்தான். அப்படியானால் ஆறு பேரை இரண்டு மூன்றாகப் பிரித்து, ஒரே தலைப்பில் இரண்டு பாகம் கொடுக்கலாமே! கைடு ஒருவரே போதும்.

மறுப்பவர்களுக்கு

'பெயர் எழுதினால் குழு உணர்வு கெட்டுவிடும், ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுப்பது போல ஆகிவிடும்' என்று பேரவை நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். நான் கேட்கிறேன்: நாலு பேர் தூங்க இரண்டு பேர் கண் விழிப்பதற்குக் குழு உணர்வு என்றா பெயர்? வேலை செய்தவர்கள் மனதுக்குள் பொருமிக்கொண்டு, வெளியே சிரித்துக்கொண்டு, வைவா முடிந்ததும் முகம் பார்க்காமல் போகிறார்களே, அதைவிடவா குழு உணர்வு கெடப் போகிறது? ஜாப் கார்டை ஆசிரியர் வந்து எழுதப் போவதில்லை. நாமே கூடி உட்கார்ந்து, நம் கையால் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடப் போகிறோம். இதில் காட்டிக் கொடுக்க என்ன இருக்கிறது?

'வீட்டில் கஷ்டம், உடம்பு சரியில்லை என்றால்?' என்று இன்னொரு கேள்வி. இது நல்ல கேள்வி. எங்கள் வகுப்பில் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிற சகோதரி இருக்கிறார், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வருகிற தோழர் இருக்கிறார். அவர்களுக்கு ஏற்ற அளவில் வேலையைக் கொடுங்கள், தேதியைத் தள்ளிப் போடுங்கள், மற்றவர் தோள் கொடுங்கள். ஆனால் அதையும் எழுதுங்கள். சின்ன வேலையானாலும் அது அவருடைய வேலை என்று இருக்கட்டும். இரக்கப்பட்டுப் பெயரை மட்டும் சேர்ப்பது அவருக்கு மரியாதை இல்லை.

'எதுக்குண்ணா இவ்வளவு? ஆளுக்குக் கொஞ்சம் போட்டா ரெடிமேடா வாங்கிடலாம். இல்லேன்னா செல்போன்ல கேட்டா செயற்கை நுண்ணறிவே எழுதிக் கொடுத்துடும்' என்பது மூன்றாவது கட்சி. வாங்கலாம், எழுத வைக்கலாம். ஆனால் அது ரேக்குக்கு முன்னால் நின்று வாஷரை எண்ணாது. நாளைக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் போர்மேன் ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து, 'இதுக்கு என்ன அடக்கம் ஆகும், சொல்லு பார்க்கலாம்' என்பார். அப்போது பக்கத்தில் குழு இருக்காது. பட்டயச் சான்றிதழில் ஒரே ஒரு பெயர்தான் அச்சாகிறது.

பேரவைக்கும் உங்களுக்கும்

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு முதல் எல்லா புராஜெக்ட் அறிக்கையிலும் முதல் பக்கமாக ஜாப் கார்டு இருக்கட்டும். குழு நாலு பேருக்குள் நிற்கட்டும். பொது மதிப்பெண்ணோடு, அவரவர் பாகத்தைக் கேட்டுத் தனி மதிப்பெண்ணும் தரச் சொல்லித் துறைத் தலைவர்களிடம் பேரவை பேசட்டும். கூடும் நேரத்தை வேலைக்குப் போகிறவர்களையும், கடைசி பஸ் பிடிக்க வேண்டிய சகோதரிகளையும் கேட்டுவிட்டு வைக்கட்டும். இதற்கு அரசாணை தேவையில்லை, பட்ஜெட் தேவையில்லை. ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.

துறையிலிருந்து உத்தரவு வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம், தம்பிகளே, தங்கைகளே. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அடுத்த செட்டுக்குத் தலைப்பு கொடுக்க ஆரம்பித்திருப்பார்கள். முதல் கூட்டத்தில் டீ வருவதற்குள் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். 'அண்ணா, நீங்களே பார்த்துக்கோங்க' என்று யாராவது ஆரம்பித்தால் பேனாவை அவர் கையில் கொடுத்துச் சொல்லுங்கள்: 'மொதல்ல உங்க பேரை எழுதுங்க.'

— பகுதிநேர மாணவன்,
இறுதியாண்டு, இயந்திரவியல் துறை